கஜுவின் சுண்டு

எங்கள் வீட்டு வாசலில் மூன்றே மூன்று படிகள்தான் இருக்கின்றன. போன வருடம் ஜனவரியில் ஒருநாள், நடந்துவிட்டுத் திரும்பி வந்தபோது கஜு அந்தப் படிகளுக்கு முன்னால் நின்றுவிட்டாள். ஒரு காலைத் தூக்கி வைத்தாள், பிறகு எடுத்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். ஸ்காபரோவில் அன்றைக்கு மைனஸ் பதினைந்து. நானும் தம்பியும் சேர்ந்து அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம். தூக்கும்போதுதான் தம்பி கேட்டான்: "அக்கா, இவள் எப்ப இவ்வளவு பாரமானவள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தினமும் பார்க்கிற ஒருவர் கொழுப்பது கண்ணுக்குத் தெரியாது.

கஜு ஒரு லாப்ரடோர். அப்போது அவளுக்கு ஏழு வயது. வறுத்த கஜுக்கொட்டையின் நிறத்தில் இருப்பதால் தம்பி வைத்த பெயர் அது. அம்மம்மா மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். அவருக்கு அவள் "பிள்ளை". என்னையும் "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். அதனால் எங்கள் வீட்டில் "பிள்ளை, சாப்பிட வா" என்றால் இரண்டு பேர் ஓடி வருவோம்.

அடுத்த நாள் மிருக வைத்தியரிடம் போனோம். வாசலிலேயே தரையோடு தரையாக ஒரு தராசு இருந்தது. கஜு ஏறி நின்றாள். 41 கிலோ. பெண் லாப்ரடோர்கள் பொதுவாக 25 முதல் 32 கிலோ வரை இருக்கும். கஜுவின் எலும்பு அமைப்புக்கு 30 கிலோ போதும் என்றார் வைத்தியர்.

அவர் தராசை மட்டும் நம்பவில்லை. கையால் தடவிப் பார்த்தார். நாய்களின் உடலை 1 முதல் 9 வரை புள்ளி போட்டு மதிப்பிடுவார்கள். 4 அல்லது 5 என்றால் நல்லது. 1 என்றால் எலும்பும் தோலும். 9 என்றால் மிக அதிக கொழுப்பு. கஜுவுக்கு 8.

வைத்தியர் எங்களுக்கும் அதைச் சொல்லித் தந்தார். உங்களிடம் நாய் இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம். கையைப் பொத்திப் பிடித்து, விரல் முட்டிகளைத் தடவுங்கள். நாயின் விலா எலும்பு அப்படித் துருத்திக்கொண்டு இருந்தால் அது மெலிவு. கையை விரித்து, புறங்கையைத் தடவுங்கள். விலா அப்படித் தெரிந்தால் சரி. இப்போது உள்ளங்கையைத் திருப்பி, விரல்கள் தொடங்கும் இடத்துக்குக் கீழே தடவுங்கள். எலும்பு எங்கே என்று அழுத்தித் தேட வேண்டியிருக்கிறதா? உங்கள் நாயின் விலாவும் அப்படி இருந்தால் நிறை கூடிவிட்டது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கி இருக்க வேண்டும். கஜுவை மேலிருந்து பார்த்தால் ஒரு கோப்பி மேசை மாதிரி இருந்தாள்.

இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். தைரொயிட் சுரப்பி குறைவாக வேலை செய்தாலும் நாய்க்கு நிறை கூடும். அவளுக்கு அது சரியாக இருந்தது. ஆகவே காரணம் சாப்பாடுதான். பின்னங்கால் மூட்டில் வலி தொடங்கிவிட்டது, இப்படியே விட்டால் மூட்டுக்குள் இருக்கும் நார் அறுந்து சத்திரசிகிச்சை வரைக்கும் போகலாம் என்றும் சொன்னார். அப்பா காரில் ஒன்றும் பேசாமல் வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் அம்மம்மாவைப் பார்த்தோம்.

அது நியாயமில்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் அன்றைக்கு எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. காலையில் புட்டு அவித்தால் முதல் பிடி கஜுவுக்குத்தான். "அது பசியோட பாத்துக்கொண்டிருக்க எனக்கெப்பிடித் தொண்டையால இறங்கும்?" என்பார். அம்மா சொன்னார்: "நான் அந்த நாய்க்கு ஒண்டுமே குடுக்கிறேல்லை." அப்பாவும் தம்பியும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

வைத்தியர் ஒரு வேலை தந்திருந்தார். எதையும் மாற்றாமல், ஒரு கிழமைக்கு யார் எதைக் கொடுத்தாலும் எழுதி வைக்க வேண்டும். பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினேன். ஐந்து பெயருக்கும் ஐந்து நிரல் போட்டேன். ஒரு துண்டு பிஸ்கட் என்றாலும் எழுத வேண்டும் என்று பெரிய எழுத்தில் போட்டேன். அம்மம்மாவுக்காகத்தான் அந்தப் பெரிய எழுத்து.

ஞாயிற்றுக்கிழமை இரவு எல்லாவற்றையும் கூட்டினேன். ஒரு நாளைக்குச் சராசரியாக இவ்வளவு வந்தது. அப்பா, செய்தி பார்க்கும்போது இரண்டு துண்டு சீஸ்: 140 கலோரி. தம்பி, பீட்சாவின் ஓரம்: 60. ஒன்றுமே கொடுக்காத அம்மா, தேநீரோடு ஒரு ரஸ்க்: 40. அம்மம்மா, புட்டும் சோறும்: 200.

நான்: 400.

மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன். "இரு", "படு" என்று சொல்லிப் பழக்கும்போது கொடுக்கும் பிஸ்கட்டுகள், பல் சுத்தமாக என்று வாங்கிய மெல்லும் குச்சி, நான் வேலை செய்யும்போது அவள் தொந்தரவு தராமல் இருக்க ரப்பர் பொம்மைக்குள் அடைக்கும் இரண்டு மேசைக்கரண்டி பீநட் பட்டர். ஒரு மேசைக்கரண்டியில் மட்டும் ஏறக்குறைய 95 கலோரி இருக்கிறது. எல்லாமே கடையில் நாய்ப் பகுதியில் வாங்கியவை, அல்லது "நல்லது" என்று வாசித்தவை. அதனால் அவை என் கணக்கில் சாப்பாடாகவே இருக்கவில்லை.

அம்மம்மா தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்த் தேநீர் போட்டார். அந்தப் போக்கிலேயே எனக்கு எல்லாம் விளங்கியது.

இன்னொரு பிழையும் அதே நாளில் பிடிபட்டது. உலர் உணவுப் பையில் "கோப்பை" கணக்கில் அளவு போட்டிருக்கும். நாங்கள் அதை ஒரு பழைய தேநீர்க் கோப்பையால் அள்ளிப் போட்டோம். சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தால், குவித்து அள்ளிய எங்கள் கோப்பை, பையில் சொன்ன கோப்பையைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். இது எங்கள் வீட்டுப் பிழை மட்டுமல்ல. இங்கே ஒன்ராறியோவில் உள்ள குவெல்ப் பல்கலைக்கழகத்தில் நாய் வளர்ப்பவர்களை உணவு அளக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2019இல் அந்த ஆய்வு வெளியானது. சிலர் கேட்ட அளவில் பாதியைத்தான் போட்டார்கள். சிலர் இரண்டு மடங்குக்கும் மேல் போட்டார்கள். அதனால்தான் கோப்பையை விட்டுவிட்டு கிராமில் நிறுத்துப் போடச் சொல்கிறார்கள்.

ஆக, கஜு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 2,000 கலோரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வைத்தியர் சொன்ன அளவு 900.

அந்த 900 எங்கிருந்து வருகிறது என்று உங்களில் கணக்குப் பிடித்தவர்களுக்குச் சொல்கிறேன். நாய் சும்மா படுத்திருந்தாலே உடலுக்குத் தேவைப்படும் சக்தி இருக்கிறது அல்லவா? அதற்கு ஒரு சூத்திரம் உண்டு. நிறையை 0.75 என்ற அடுக்குக்கு உயர்த்தி, 70ஆல் பெருக்க வேண்டும். இப்போது இருக்கும் 41ஐப் போடாமல், இருக்க வேண்டிய 30ஐப் போட்டால் ஏறக்குறைய 900 வரும். அது தொடக்கம்தான். பிறகு நிறை எப்படிக் குறைகிறது என்று பார்த்து, வைத்தியர் கூட்டுவார், குறைப்பார். கிழமைக்கு உடல் நிறையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் போதும். கஜுவுக்கு அது தொடக்கத்தில் 400 முதல் 800 கிராம். அவசரப்பட்டால் கொழுப்போடு தசையும் போய்விடும்.

"அப்ப இதே சாப்பாட்டைப் பாதியாக் குறைச்சால் சரிதானே?" என்று அப்பா கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வைத்தியர் வேண்டாம் என்றார். வழக்கமான உணவில் விற்றமினும் கனிமங்களும் வழக்கமான அளவுக்குத்தான் சேர்த்திருப்பார்கள். அதைப் பாதியாக்கினால் அவையும் பாதியாகும். நிறை குறைப்பதற்கென்று செய்த உணவில் புரதமும் நார்ச்சத்தும் கூட, கலோரி குறைவு. புரதம் தசையைக் காக்கும். நார்ச்சத்து வயிற்றை நிரப்பும்.

கடையில் பைகளைப் பார்த்தால் தலை சுற்றும். "இயற்கை", "தானியம் இல்லாதது" என்று முன்பக்கத்தில் எழுதியிருக்கும். தானியம் இல்லை என்றால் கலோரி குறைவு என்று அர்த்தமில்லை. பையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரு கிலோவுக்கு எத்தனை கலோரி? வளர்ந்த நாய்க்கு முழுமையான, சமச்சீரான உணவு என்று எழுதியிருக்கிறதா? இரண்டையும் பார்த்தால் போதும். நாங்கள் எடுத்த உணவில் 100 கிராமுக்கு 300 கலோரி. ஒரு நாளைக்கு 270 கிராம். அது 810 கலோரி. மிச்சம் 90தான் மற்ற எல்லாவற்றுக்கும். தின்பண்டம் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. என்னுடைய ஒரு மேசைக்கரண்டி பீநட் பட்டர் மட்டுமே அதை முடித்துவிடும்.

எங்கள் சமையலைப் பற்றியும் ஒரு விஷயம். கஜுவுக்கு இறைச்சிக் கறி கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் உறைப்பு மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைப் பழுதாக்கலாம். பாயசத்திலும் கேசரியிலும் அம்மம்மா போடும் "பிளம்ஸ்" அதுதான். சொக்லேட்டும் கூடாது. சைலிட்டோல் என்ற இனிப்பூட்டி சேர்ந்த சூயிங்கம்மும் கூடாது. சில பீநட் பட்டரிலும் அதைச் சேர்க்கிறார்கள், ஆகவே போத்தலில் வாசித்துப் பாருங்கள். இதைச் சொன்னபோது அம்மம்மா நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ, வடை குடுத்திருக்கிறன் பிள்ளை." அவர் உண்மையிலேயே பயந்துபோனார்.

முதல் மாதம் நன்றாகப் போனது. 41இலிருந்து 39.4. மார்ச் நடுவில் 37.8. அதன் பிறகு தராசு நின்றுவிட்டது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை போனோம். 37.8. திரும்பவும் 37.8. ஏப்ரலில் 37.9.

ஏப்ரலில் ஒருநாள் விடிய ஐந்தரைக்குத் தண்ணீர் குடிக்க இறங்கினேன். அடுப்படியில் வெளிச்சம் இருந்தது. அம்மம்மா கதிரையில் இருந்தார். மேசைக்குக் கீழே அவர் கை. கையில் புட்டு.

நான் கத்தினேன். "நீங்கள்தான் அவளைக் கொல்லப்போறீங்கள்" என்று சொன்னேன். என் 400 கலோரி எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. அம்மம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து அறைக்குப் போனார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் போகவில்லை.

மூன்றாம் நாள் அம்மா என்னைக் காரில் இருத்தி வைத்துச் சொன்னார். அம்மம்மாவுக்கு ஊரில் ஜிம்மி என்று ஒரு நாய் இருந்தது. 1995 அக்டோபர் 30ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணத்தில் வலிகாமத்துச் சனம் முழுக்க வீட்டை விட்டு வெளிக்கிட்டது. மழை பெய்தது. நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போகச் சனம் ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு நடந்தது. அம்மம்மா ஒரு சட்டியில் இருந்த சோறு முழுவதையும் முற்றத்தில் வைத்துவிட்டு நடந்தார். ஜிம்மி சோற்றைச் சாப்பிடாமல் சந்தி வரைக்கும் பின்னால் வந்ததாம். அங்கே சனத்துக்குள் தவறிவிட்டது. அடுத்த வருடம் அம்மம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தபோது சட்டி அந்த இடத்திலேயே கிடந்தது. ஜிம்மி இல்லை.

"அவ அதை ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை" என்றார் அம்மா. "நீயும் கேக்காதை."

நான் கேட்கவில்லை. ஆனால் அன்றிரவு ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். கஜுவின் கண். அது பொய் சொல்கிறது என்றுதான் நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது முழுப் பொய் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். லாப்ரடோர்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் சிறு துண்டு இல்லை. அப்படிப்பட்ட நாய்க்குச் சாப்பாட்டின் மேல் எப்போதும் நாட்டம் கூட. அந்த மாற்றமுள்ள நாய்கள் ஓய்வாக இருக்கும்போது குறைந்த சக்தியையே எரிக்கின்றன என்று 2024இல் அதே குழு சொன்னது. கஜுவுக்கு அது இருக்கிறதா என்று நாங்கள் பார்க்கவில்லை. ஆனால் அவள் மேசைக்குக் கீழே இருந்து பார்க்கும்போது அவளுக்கு உண்மையாகவே பசிக்கலாம். அம்மம்மா கண்டது சரி. அந்தப் பசிக்கு என்ன செய்வது என்பதில்தான் நாங்கள் எல்லாரும் பிழை விட்டோம்.

காலையில் அம்மம்மாவிடம் போனேன். மன்னிப்புக் கேட்டேன். பிறகு சொன்னேன்: "அம்மம்மா, கஜுவின்ர சாப்பாட்டை இனி நீங்களே போடுங்கோ. நாங்கள் ஒருத்தரும் தொடமாட்டம். ஆனால் அளந்துதான் போடவேணும்."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அளக்கிறதோ?" என்றார். "நிவாரண அரிசியை ஆறு பேருக்கு அளந்து சமைச்ச கை இது."

தராசு அவருக்குப் பிடிக்கவில்லை. அலுமாரிக்குள் இருந்து ஒரு பழைய ரின்பால் பேணியை எடுத்தார். யாழ்ப்பாணத்தில் அதற்குச் சுண்டு என்று பெயர். அரிசி, மா எல்லாம் சுண்டால்தான் அளப்பார்கள். கோப்பையில் அளந்து ஏமாந்த கதை எனக்கு ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மம்மா பேணியை நிரப்பி, விரலால் மேலே ஒரே இழுப்பாக இழுத்துத் தட்டிவிட்டார். "தலை தட்டி அளக்க வேணும் பிள்ளை. கும்பமா அள்ளினால் அது அளவில்லை, ஆசை."

தராசில் வைத்துப் பார்த்தேன். 121 கிராம். அடுத்தது 119. அடுத்தது 120.

அன்றிலிருந்து இதுதான் முறை. காலையில் ஒரு சுண்டு, பின்னேரம் ஒரு சுண்டு. அது 240 கிராம். மிச்சம் 30 கிராமை ஒரு சின்ன டப்பாவில் போட்டு அம்மம்மா பக்கத்தில் வைத்துக்கொள்வார். நாங்கள் யாரும் கஜுவுக்கு ஏதாவது கொடுக்க விரும்பினால் அவரிடம் கேட்க வேண்டும். டப்பா முடிந்தால் முடிந்ததுதான். அப்பா ஒருநாள் இரவு டப்பாவுக்கு முன்னால் நின்று கெஞ்சியதை நான் கண்ணால் கண்டேன். அந்த 90 கலோரிக்கு அம்மம்மா போஞ்சியையும் கரட்டையும் உப்பில்லாமல் அவித்து, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வைப்பார். நாங்கள் சாப்பிடும்போது கஜுவுக்கும் ஒரு தட்டு. பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு முன்னால் அம்மம்மா சாப்பிட வேண்டியதில்லை.

நடையையும் கூட்டினோம், ஆனால் மெதுவாக. மூட்டு வலிக்கும் நாயை ஓட விடக் கூடாது. தொடக்கத்தில் பத்து நிமிடம், பிறகு பதினைந்து. கடும் குளிரில், தெருவில் போடும் உப்பு பாதத்தைச் சுடும் நாட்களில், தம்பி அவள் உணவை வீட்டுக்குள் அங்கங்கே ஒளித்து வைத்துத் தேட விடுவான். நடை மட்டும் நிறையைக் குறைக்காது. சட்டியில் விழுவதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கும். ஆனால் நடந்த நாளில் அவள் சந்தோசமாகத் தூங்குவாள்.

ஜூனில் 35.6. ஆவணியில் 33.5. நவம்பரில் 31.2. வைத்தியர் விலாவைத் தடவிப் பார்த்து, 5 என்றார். இன்னும் ஒரு கிலோ குறைந்தால் நல்லது, குறையாவிட்டாலும் பரவாயில்லை என்றார். பத்து மாதம் எடுத்தது.

நிறை குறைந்தால் எவ்வளவு காலம் கூட இருப்பாள் என்று கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆனால் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். 48 லாப்ரடோர்களைச் சோடி சோடியாகப் பிரித்து, ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகக் கொடுத்து, குட்டியிலிருந்து கடைசி வரைக்கும் பார்த்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம். மற்றவற்றுக்கு 11.2. மூட்டு நோயும் அவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது. கஜு சின்ன வயதிலிருந்து அப்படி வளரவில்லை. அந்த வருடங்களை நாங்கள் திருப்பித் தர முடியாது. என் பங்கு அதில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். பிரிட்ஜில் ஒட்டிய தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டு நாயும் கொஞ்சம் தடித்திருந்தால், யாரையும் குற்றம் சொல்லுமுன் ஒரு தாளை ஒட்டுங்கள். உங்கள் பெயரை முதலில் எழுதுங்கள். உணவைக் குறைக்குமுன் வைத்தியரிடம் காட்டுங்கள். அம்மம்மாவோ அப்பம்மாவோ வீட்டில் இருந்தால், அளக்கும் வேலையை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள்.

எங்கள் அம்மம்மா இன்னும் திருப்திப்படவில்லை. நேற்றும் கஜுவின் முதுகைத் தடவி, "நல்லா மெலிஞ்சு போச்சு என்ர பிள்ளை" என்றார். பிறகு பேணியை எடுத்தார், நிரப்பினார், விரலால் தலையைத் தட்டினார். அந்தப் பேணிச் சத்தம் கேட்டதும் முற்றத்தில் நின்ற கஜு மூன்று படியையும் ஒரே ஓட்டமாக ஏறி வந்தாள்.